உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி

பாடகி பெகிமாயின் சி.டி. வெளிவந்த வாரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் அழுதவள், சந்தையில் பாலேடு விற்கும் ஒருத்தி. கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு ஈரக் கையோடு எட்டிப் பிடித்தாள். "உன் பக்கத்து இடம் காலியாப் போச்சே, தங்கச்சி. எப்படித் தாங்குற?" என்றாள். வரிசையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெகிமாய் பாலேட்டை வாங்காமலே வந்துவிட்டாள்.

கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கேக்கின் தெருக்களில் அன்று பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பூட்சுக்குள் தண்ணீர் ஏறியதுகூடத் தெரியாமல் அவள் நடந்தாள். புரிந்துகொண்டார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை, முன்பின் தெரியாத ஒருத்தி ஒரே பாட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியானால் ரஷ்யாவில், தியூமென் ஊரில் இருக்கிறவளுக்கும் புரியாமலா போகும்?

தியூமெனில் இருந்தவள் துமார். இசைக் கல்லூரியில் ஒரே அறையில் தங்கி, ஒரே சீப்பால் தலைவாரி, பிறகு ஒரே மாதிரி உடை போட்டுக்கொண்டு மேடையேறிய இருவருக்கு 'எகி புலாக்' என்று பெயர். இரண்டு ஊற்று என்று பொருள். பத்து வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் அவர்கள் பாடாத கல்யாண மண்டபம் இல்லை. சொந்தச் சகோதரிகள் என்றே பலரும் நினைத்தார்கள். துமாருக்கு மேல் குரல். பாட்டு என்று ஜனங்கள் முணுமுணுப்பதெல்லாம் அவள் பாடிய வரிதான். பெகிமாய் அதற்குக் கீழே, அதைத் தாங்கிக்கொண்டு வரும் இரண்டாவது குரல். அவள் குரலைத் தனியாகக் கேட்டவர்கள் யாருமில்லை. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. துமார் ஒரு வரியைத் தொடங்குமுன் மூச்சை உள்ளே இழுப்பாள். அந்தச் சின்ன ஓசை கேட்டதும் பெகிமாயின் வாய் தானாகத் திறக்கும். வாழ்க்கையில் தான் எப்போது எதைத் தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொண்டே இருப்பது போல அது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

பிறகு ஒரு இலையுதிர் காலத்தில் துமார் தன் கணவன் எர்மெக்கோடு ரஷ்யாவுக்குப் போய்விட்டாள். அங்கே அவனுக்கு வேலை. ஒரு வருடத்தில் வந்துவிடுவேன் என்றவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. எப்போதாவது குறுஞ்செய்தி வரும். 'நல்லா இருக்கேன். வேலை அதிகம்.' அவ்வளவுதான்.

பெகிமாய் அந்த சி.டி.யை அந்த ஒருத்திக்காகத்தான் போட்டாள். துமார் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஒரு தரம் கூப்பிட வேண்டும். சி.டி.யை ஒலிப்பதிவு செய்த மெலிஸிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. பத்துப் பாட்டில் ஒன்பது கல்யாண மண்டபத்துக்கானவை. கடைசிப் பாட்டுதான் 'பக்கத்து இடம்'.

மேடை அகலமாகிவிட்டது,
உன் நிழல் விழுந்த பலகை வெயிலில் காய்கிறது.
இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிற என் கழுத்துக்கு
நீ இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

மெட்டு அவளுக்கு ஒரு காலையில் பாத்திரம் கழுவும்போது முழுதாக வந்தது. தன்னுடையதென்றே நினைத்தாள். அட்டைப் படத்துக்காக நின்றபோது அவளால் கேமராவைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடப் படங்களிலும் அவள் இடது தோள் துமாரின் தோளோடு ஒட்டியிருந்தது. தனியாக நின்றால் ஒருபக்கம் சாய்கிறாள். படம் எடுத்தவன் நகரத்தில் ரஷ்யப் பள்ளியில் படித்த பிள்ளை. அலுத்துப்போய், "சுவரைப் பாத்து உக்காருங்க அக்கா, முதுகை எடுக்கறேன்" என்றான். கருநீல உடை, பின்னல், முதுகு, வெள்ளைச் சுவர். படம் அழகாக வந்தது.

துக்க வீட்டில் பெண்கள் அப்படித்தான் உட்காருவார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இறந்தவளை விளித்துப் பாடி அழுவார்கள். வருகிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். இது கிர்கிஸ் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தனக்குத் தோன்றவே இல்லை என்று பிறகு அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

சி.டி. நன்றாக விற்றது. பாட்டு போனிலிருந்து போனுக்குத் தாவி, டாக்சிகளிலும் சந்தைக் கடைகளிலும் ஒலித்தது. தெருவில் நிறுத்திக் கட்டிக்கொள்கிற பெண்கள் அதிகமானார்கள். ஒரு டாக்சிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு வழியெல்லாம் பேசாமல் வந்து, இறக்கிவிடும்போது தொப்பியைக் கழற்றினார். இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்கு ஒருமுறை தோன்றியது. ஆனால் தாகத்தோடு இருக்கிறவள் கிண்ணத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது குரலாகவே இருந்தவளுக்கு முதல் தடவையாக எல்லாரும் அவள் வரியை முணுமுணுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மெலிஸ் கூப்பிட்டனுப்பினார். அவர் ஐம்பதைத் தாண்டியவர், எந்தக் கெட்ட செய்தியையும் நையாண்டி இல்லாமல் சொல்லத் தெரியாதவர்.

"பத்துப் பாட்டுப் போட்டோம். ஒன்பதுல நீ சிரிக்கிற. ஒரு கல்யாண வீட்டுக்காரனும் கூப்பிடல. வர்ற போனெல்லாம் நினைவு விருந்துக்கு. ஒருத்தர் அப்பாவோட வருஷத்துக்கு உன்ன வந்து அழச் சொல்றார். நல்ல தொகை தர்றாராம்."

"என்னை எதுக்கு அதுக்குக் கூப்பிடறாங்க, அண்ணா?"

மெலிஸ் சிகரெட்டை அணைத்தார். "துமார் செத்துட்டான்னு நினைக்கிறாங்கம்மா. நாடு முழுக்க. உனக்குத் தெரியவே தெரியாதா?"

அவள் தெரியாது என்றாள். சொல்லும்போதே பாலேட்டுக்காரியின் ஈரக் கை நினைவுக்கு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா இறந்தாள். பெரியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினாள். வெளியே வெயிலில் மற்றக் குழந்தைகளோடு எலும்புக் காய் விளையாடிக்கொண்டே அவள் அதைக் கேட்டாள். பாத்திரம் கழுவும்போது வந்த மெட்டு அதுதான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தன்னை விட்டுப் போனவளை நினைத்துப் பாடுகிறோம் என்றல்லவா நினைத்தோம். உள்ளே எது இந்த மெட்டை எடுத்துக் கொடுத்தது? செத்துப் போனவர்கள் போன் எடுக்காவிட்டால் நாம் வருத்தப்படுவதில்லை. அவர்கள் வேண்டுமென்று நம்மை விட்டுப் போகவில்லை. உயிரோடு இருந்துகொண்டு வராமல் இருக்கிறவளைவிட, இறந்துபோனவள் எத்தனையோ மேல். இந்தக் கணக்கை ஏதோ ஒரு மூலையில் தான் போட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அன்று புரிந்தது. பயமாக இருந்தது.

மறுநாளே வானொலியின் வாழ்த்து நிகழ்ச்சிக்குப் போய், துமார் நலமாக இருக்கிறாள், கணவனோடு தியூமெனில் இருக்கிறாள் என்று சொன்னாள். நிகழ்ச்சி நடத்துகிறவளின் குரல் இறங்கிக் குழைந்தது. நேயர்கள் பேசினார்கள். இளைஞன் ஒருவன், உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைத்தால் சி.டி. விற்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். அவன் ஒருவன்தான் அவளை நம்பியவன். நாரின் ஊரிலிருந்து பேசிய மூதாட்டி ஒருவர் அவனை அதட்டி அடக்கிவிட்டு, பெகிமாயிடம் இரக்கத்தோடு சொன்னார்:

"நீ சொல்றது சரிதான் மகளே, அப்படியே சொல்லிட்டு இரு. பெத்தவ காதுல இன்னும் போட்டிருக்க மாட்டாங்க. நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம்."

அதற்குமேல் அவள் என்ன சொல்ல முடியும்? சாவுச் செய்தியை நெருங்கிய உறவுக்கு எடுத்த எடுப்பில் யாரும் சொல்வதில்லை. ஊருக்கே தெரிந்த பிறகும் பெற்றவளுக்குத் தெரியாது. கேட்டால், நலமாக இருக்கிறாள், உடம்பு கொஞ்சம் சரியில்லை, வந்துவிடுவாள் என்பார்கள். பிறகு ஒரு நாள் பெரியவர்கள் சேர்ந்து வந்து, உட்காரவைத்து, சாவைச் சொல்லிக் கேட்கவைப்பார்கள். அதனால் 'நலமாக இருக்கிறாள்' என்று அவள் சொல்லச் சொல்ல, துமார் இன்னும் ஆழமாகப் புதைந்துகொண்டிருந்தாள்.

'யார் போய்ச் சொல்வது' என்ற வரிதான் வினையானது. துமாரின் அம்மா கலிச்சா சொந்த ஊரான கொச்கோரில் தனியாக இருந்தாள். ஊர்ப் பெரியவர் அப்தில்தா அந்தப் பாட்டைத் தன் மகனின் காரில் கேட்டார். கூடப் பாடியவளே புலம்புகிறாள், பெற்றவளுக்குச் சொல்ல ஆளில்லை என்று வெளிப்படையாகவே கேட்கிறாள். இனியும் நாம் சும்மா இருந்தால் ஊருக்கு அழகில்லை என்று நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கலிச்சாவின் வாசலுக்குப் போனார்.

கலிச்சா துணி உலர்த்திக்கொண்டிருந்தாளாம். பெரியவர்களின் வெள்ளைத் தொப்பிகள் வரிசையாக வாசலில் நிற்பதைப் பார்த்ததும், ஒருவரும் வாயைத் திறக்குமுன், கையிலிருந்த விரிப்போடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாளாம். பக்கத்து வீட்டுப் பெண் போனில் இதைச் சொல்லிவிட்டு, "நீ வந்துடு அக்கா, அவங்க உன்னைத்தான் கேக்கறாங்க" என்றாள்.

பெகிமாய் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் துக்கக் கூடாரத்துக்கு மரச்சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்தில்தா எதிரே வந்து அவள் கையை இரு கைகளாலும் பற்றி, உடலை எந்த விமானத்தில் அனுப்புகிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார். ரஷ்யாவில் வேலைக்குப் போன இந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அப்படித்தான் சரக்கு விமானத்தில் திரும்பி வந்திருந்தார்கள்.

"உடலே இல்ல தாத்தா. அவ உசிரோட இருக்கா."

"சரிம்மா," என்றார் அவர். "சரி. உள்ள போ."

கலிச்சா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலைத்துணி நழுவியிருந்தது. முன்பெல்லாம் பெகிமாயும் துமாரும் சேர்ந்து வந்தால், எந்தப் பெண்ணுக்கு முதலில் முத்தம் கொடுப்பது என்று குழம்பி இருவர் தலையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறவள். இன்று திரும்பவில்லை.

"அம்மா, நான் பெகிமாய்."

"தெரியுது. பாட்டுல எல்லாருக்கும் சொன்ன. எனக்கு மட்டும் சொல்லல."

பெகிமாய் தரையில் உட்கார்ந்து, பாட்டைப் பற்றி, மெட்டைப் பற்றி, அட்டைப் படத்தைப் பற்றியெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் பொய் போல ஒலித்தது. கலிச்சா தன் போனை எடுத்து நீட்டினாள். மகளிடமிருந்து வந்த செய்திகள். நல்லா இருக்கேன் அம்மா. மாத்திரை சாப்பிடு. குளிருது, வெளிய போகாத.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, குரலக் கேட்டு. போன்ல பேச முடியல, ரிப்பேருன்னா. நானும் நம்பினேன். எழுத்த யார் வேணும்னாலும் அனுப்பலாம் இல்ல? மருமகன் அனுப்பலாம். நீ அனுப்பலாம்." முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு அவ குரல் வேணும். அது இருந்தா கொண்டா. இல்லைன்னா இவங்களோட சேந்து அழு."

பெகிமாய் தன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் வைக்கோல் போருக்குப் பின்னால் போனாள். துமார் எடுக்க மாட்டாள். எர்மெக்கைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று துமார் சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றான் அவன். பிறகு சொன்னான்.

கழுத்தில் கட்டி. இங்கே இருந்தபோதே இருந்திருக்கிறது. ரஷ்யா போனதும் அறுவை செய்ய வேண்டியதாயிற்று. கட்டி, குரலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். உயிர் தப்பியது. பேச்சும் வருகிறது. "ஆனா அது துமார் குரல் இல்ல அக்கா. காத்து மாதிரி வருது. அவளுக்கே அதக் கேக்கப் பிடிக்கல. அம்மா கேட்டா தாங்க மாட்டாங்கன்னு எழுத்தோட நிறுத்திட்டா."

வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது. பெகிமாய்க்குக் கடைசியாக இருவரும் பாடிய கல்யாணம் நினைவுக்கு வந்தது. மேல் சுரத்தில் துமாரின் குரல் உடைந்தது, ஒரு தரம் இல்லை, மூன்று பாட்டிலும். திரும்பி வரும்போது காரில் பெகிமாய் சொன்னாள்: உனக்குப் பாட்டு சலித்துப் போயிற்று, பயிற்சியை விட்டுவிட்டாய், சலித்துப்போனவள் பக்கத்தில் நின்று என்னால் பாட முடியாது. துமார் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கோபத்தில்தான் பிரிந்து போனாள் என்று இரண்டு வருடமாக இவள் நினைத்திருந்தாள். கோபமாக இருந்திருக்கலாகாதா என்று இப்போது இருந்தது.

"அவ இருக்காளா, எர்மெக்? அவகிட்ட குடு. அம்மா பேசணும்."

அவள் உள்ளே வந்து ஸ்பீக்கரைப் போட்டு போனை விரிப்பின் நடுவில் வைத்தாள். பெரியவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். பெண்கள் கதவோரம் நின்றார்கள். போனிலிருந்து ஏதோ உராய்கிற மாதிரி ஒலி வந்தது.

"அம்மா."

கலிச்சாவின் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. "யாரும்மா நீ?"

"நான்தாம்மா. துமார்."

கதவோரம் ஒருத்தி, பாவம் எந்தப் பெண்ணையோ பேசவைத்திருக்கிறார்கள் என்று மற்றொருத்தியிடம் சொன்னாள். அப்தில்தா தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவரும் இப்படி எத்தனையோ நல்ல பொய்களுக்குத் துணை நின்றவர்தான்.

"நீ நல்ல மனசுக்காரிதான்," என்றாள் கலிச்சா போனிடம். "என்னைத் தேத்தச் சொல்லியிருப்பாங்க. உன்னைப் பெத்தவளுக்கு இந்த நிலைமை வராம இருக்கட்டும். வச்சிரும்மா."

"அம்மா, ஆபரேஷன் பண்ணாங்க. குரல் போயிடுச்சு. நான்தாம்மா."

"என் மக குரல் எனக்குத் தெரியும். நீ துமார்னா ஒரு வரி பாடு. ஒரே ஒரு வரி."

போனில் ஒன்றுமில்லை. வெளியே ஒரு மரச்சட்டம் இன்னொன்றின் மேல் விழும் சத்தம் கேட்டது. அந்த அமைதியில் தியூமெனில் ஒருத்தி வாயைத் திறந்து மூடுவது பெகிமாய்க்குத் தெரிந்தது. அவள் யோசிக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்து, போனை எடுத்துக் கலிச்சாவின் காதில் வைத்து, அவள் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"துமார், நான் கீழ்க் குரல் பாடறேன்," என்றாள் போனருகே குனிந்து. "நீ எப்பவும் போல வா. சத்தம் வேணாம்."

அவர்களுடைய பழைய கல்யாணப் பாட்டு ஒன்றை அவள் தொடங்கினாள். மேல் வரி இல்லாமல் அந்தப் பாட்டு யாருக்கும் அடையாளம் தெரியாது. கூரை இல்லாத சுவர்கள் மாதிரி, ஏறாமல் இறங்காமல், இடையிடையே நீண்ட வெற்றிடங்களோடு அது போயிற்று. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெகிமாய் கலிச்சாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினாள். மேல் குரல் சேர வேண்டிய இடம் வந்தது. அவள் நிறுத்திக் காத்தாள்.

கலிச்சாவின் கண் இமைகள் நடுங்கின.

அடுத்த இடத்திலும் காத்தாள். அதற்கடுத்ததிலும். இப்போது கலிச்சா வாயைத் திறந்து, போனில் கேட்பதோடு சேர்ந்து தானும் மூச்சை உள்ளே இழுத்தாள். வரிக்கு வரி, சரியான இடத்தில். மகள் கைக்குழந்தையாக மார்பில் கிடந்து தூங்கிய நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய மூச்சு அது.

"அவதான்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "மூச்சு எடுக்குறா. என் பொண்ணுதான் மூச்சு எடுக்குறா." பிறகு போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பாடாதடி கண்ணு. பாட வேணாம். உன்னைச் சுத்தி வந்து உனக்குப் பதிலா நான் போயிடறேன், நீ இரு. மூச்சு மட்டும் விட்டுட்டு இரு, போதும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அப்தில்தா எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். முற்றத்தில் சட்டங்களைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். சாவுக்கென்று கட்டியிருந்த ஆட்டை, மகள் உயிரோடிருப்பதற்கு நேர்த்திக்கடனாக அறுத்துவிடலாம், ஆட்டுக்கு எப்படியும் இன்றைக்கு நேரம் சரியில்லை என்றார். ஆட்கள் சிரித்தார்கள், வீட்டுக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை.

வெகு நேரம் கழித்துக் கலிச்சா போனை நீட்டினாள். "உன்கூடப் பேசணுமாம்."

பெகிமாய் அதை வாங்கிக்கொண்டு முற்றத்தின் கோடிக்குப் போனாள். இரண்டு வருடமாக இந்த நிமிடத்தில் என்ன சொல்வது என்று அவள் தயாராக வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"காரில அன்னிக்கு நான் பேசினது..."

"விடு. எனக்கே அப்பத் தெரியாது." உராய்கிற அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று வந்தது. "உன் சி.டி. வந்துச்சு."

"கேட்டியா?"

"பாதி வரைக்கும்." கொஞ்சம் பொறுத்து, "நல்லாருக்கு பெகி. நல்லாருக்கறதாலதான் முடியல. நீ பாடினா என் தொண்டை தானா அசையுது. மேல போகப் பாக்குது. போக வழியில்ல. அப்புறம் நாள் பூரா வலி. இப்பக்கூட."

பெகிமாய் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட இனி நான் பேசிக்கிறேன். அவங்களுக்குப் பழகிடும். நீ கூப்பிடாத."

"எழுதட்டுமா?"

"வேணாம்டி. எழுத்தப் படிச்சாலும் உன் குரல்லதான் கேக்குது." மறுபடியும் ஒரு இடைவெளி. "மத்தவங்க நான் செத்துட்டேன்னு நினைச்சா நினைக்கட்டும். மறுத்துட்டுத் திரியாத. செத்தவள யாரும் வந்து பாடச் சொல்ல மாட்டாங்க."

"துமார்."

"கொஞ்ச நேரம் பேசாம இரு. நானும் பேசல."

பேசாமல் இருந்தார்கள். தியூமெனில் ஏதோ வண்டி போயிற்று. மூச்சு வந்துகொண்டிருந்தது, பாட்டுக்கான மூச்சு இல்லை, சும்மா வருவதும் போவதுமான மூச்சு. பெகிமாய் அதை எண்ணாமல், அளக்காமல், எங்கே தொடங்க வேண்டும் என்று காத்திருக்காமல் கேட்டாள். பிறகு போன் துண்டிக்கப்பட்டது.

முற்றத்தில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். பெண்கள் பெரிய கொப்பரையை இருபுறமும் பிடித்துத் தூக்கி வைத்துக்கொண்டே இவள் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என்ன சொல்றா அக்கா? நல்லாப் பேசறாளா?"

பெகிமாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "ம்," என்றாள் போனிடம். அவர்கள் திரும்பி வேலையைப் பார்க்கும் வரை, கொஞ்சம் விட்டு விட்டு, எதிர்முனையில் ஆள் இருக்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு நின்றாள். "ம். சரி. ம்."